தீனி கேட்காத மாடு

கதை சொல்கிறேன், ‘ம்’ கொட்டுங்கள். ‘ம்’ கொட்டிக்கொண்டே தூங்கிவிடாதீர்கள். முடிவில் ஒரு கேள்வி காத்திருக்கிறது.

மஞ்சுக்கோம்பை என்றொரு மலையூர். வருடத்தில் பாதி நாள் மேகம் தெருவிலேயே படுத்துக் கிடக்கும். எதிரே வருகிறவர் அருகில் வந்து இருமினால்தான் இன்னாரென்று தெரியும். செல்போன் சிக்னல் அந்த மூட்டத்துக்குள் நுழைவதில்லை. ஊரில் இணையம் உள்ள ஒரே இடம் சொக்கையாவின் தங்கும் விடுதி. வைஃபை பெட்டி அவர் அறையில், சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. யாருடைய போன் எந்தத் தளத்துக்குப் போகிறது என்பதை அந்தப் பெட்டி வழியாகப் பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

அவருடைய தங்கை மகள் செவ்வந்தி. தாய் தகப்பன் இல்லை. மாமன் நிழலில் வளர்ந்து, விடுதி அறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டு ஆசைகள். ஒன்று, பின்கட்டில் அவள் போட்ட அவரைப்பந்தல். குளிருக்குப் பயந்து ஊரார் யாரும் அவரை போடுவதில்லை. அந்தக் கோம்பையிலேயே ஊதா நிற அவரைப்பூ அவளிடம் மட்டும்தான் பூத்தது. மற்றொன்று, அடிவாரத்தில் லாரிப் பட்டறை வைத்திருந்த ஞானவேல். மாமாவோ தன் மகனுக்கே அவளை முடித்துவிட நாள் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொள்ள முடிவு செய்தார்கள். விண்ணப்பத்துக்கு அவள் ஒப்புதல் அவள் போனிலிருந்தே போக வேண்டும். ஒரு நாள் சாயங்காலம் பதிவுத் துறையின் தளத்தைத் திறந்து பார்த்தாள், அவ்வளவுதான். சாப்பாட்டின்போது மாமா குழம்பைப் பிசைந்துகொண்டே கேட்டார்:

“ஏத்தா செவ்வந்தி, பதிவு ஆபீசுல உனக்கு என்ன சோலி?”

“பொறப்புச் சான்றிதழ் பாத்தேன் மாமா.”

இன்னொரு முறை அந்தத் தளத்தின் வாசலுக்குப் போனால் போனைப் பிடுங்கிவிடுவார். பிறகு ஞானவேலுக்கும் அவளுக்கும் நடுவில் மேகம் மட்டும்தான் மிஞ்சும்.

விடுதியில் வேலை செய்த இரண்டு தோழிகள் ஒரே யோசனையைச் சொன்னார்கள். போனில் வி.பி.என். போட்டுக்கொள், போகிற வழியை அது மூட்டம் போட்டு மூடிவிடும், மாமா கண்ணுக்கு மூட்டம்தான் தெரியும். ஆனால் எந்தச் செயலி என்பதில் இருவரும் முட்டிக்கொண்டார்கள்.

“என்கிட்ட இருக்கறதப் போடுடி. அளவே கிடையாது, விளம்பரம் கிடையாது, காசும் கேக்காது. ஊரே வெச்சிருக்கு,” என்றாள் வரவேற்பில் இருக்கும் ரோஸ்லின். அவளுடைய செயலி தொலைபேசி எண்களையும் இருக்குமிடத்தையும் பார்க்க அனுமதி கேட்டிருந்தது, கொடுத்துவிட்டாள். செய்தவர் யாரென்று எங்கும் எழுதியிருக்கவில்லை. கொஞ்ச நாளாக அவள் போன் சும்மா இருக்கும்போதே சூடாக இருந்தது. குளிருக்கு இதமாக இருக்கிறதென்று அதைக் கன்னத்தில் வைத்துக்கொள்வாள், பாவம்.

கணக்கு எழுதும் ஹசீனா வைத்திருந்தது வேறு. மாதத்துக்குக் கொஞ்சம்தான் ஓடும். திறக்கும்போதெல்லாம், ‘பணம் கட்டினால் தாராளமாகத் தருவேன்’ என்று நச்சரிக்கும். ஆனால் எந்த அனுமதியும் கேட்கவில்லை. செய்த கம்பெனியின் பெயரும் ஊரும் இருந்தன, வெளியாட்கள் வந்து சோதித்த அறிக்கையும் இருந்தது.

“பிச்சக்காரச் செயலிடி அது!” என்று சிரித்தாள் ரோஸ்லின். “தானம் குடுத்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்கலாமா?”

செவ்வந்திக்குக் குழப்பம். துவைத்த போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தவள் அந்தக் குவியலிலேயே கண்ணயர்ந்தாள். சன்னல் வழியே மேகம் வந்து காலடியில் சுருண்டு படுத்தது.

கனவிலும் மூட்டம்தான். அதற்குள் ஒரு வெள்ளை மாடு நின்றது. கயிறில்லை, கூட வந்த ஆளில்லை. யாரும் கறக்காமலே பால் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஒரு பிடி வைக்கோல் நீட்டினாள். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆனாலும் வாய் மட்டும் ஓயாமல் அசைபோட்டது. உதட்டோரத்தில் சின்னதாய் ஓர் ஊதாப் பூ ஒட்டியிருந்தது.

சற்றுத் தள்ளி ஒரு மெலிந்த மாடு. அதன் கயிறு ஒரு கிழவியின் கையில் இருந்தது. அவள் முகம் தெளிவாகத் தெரிந்தது. மாடு போகிற வருகிறவரையெல்லாம் பார்த்துத் தீனி கேட்டுக் கத்தியது. தீனி போட்டவருக்கு ஒரு செம்புப் பால், போடாதவருக்கு ஒரு டம்ளர்.

இரண்டு மாடுகளும் அவளையே பார்த்தன. அத்தோடு விழிப்பு வந்துவிட்டது.

இனி உங்கள் பாடு. செவ்வந்தி எந்த மாட்டைத் தன் வாசலில் கட்ட வேண்டும்? தோழிகளில் யார் சொன்னது சரி?

விடை இதுதான். வாயுள்ள மாடு எதையாவது தின்றுதான் தீர வேண்டும். வைக்கோலைத் தொடாத மாட்டின் உதட்டில் ஊதாப் பூ எப்படி வந்தது? அந்தக் கோம்பையில் இருப்பது செவ்வந்தியின் அவரைப்பந்தல் ஒன்றுதானே! ரோஸ்லினின் போன் சூடானதும், அவள் விவரங்களை மென்ற அந்த அசைபோடலால்தான். மாமா கண்ணுக்கு மறைக்கிற செயலி, தானே எல்லாவற்றையும் பார்க்கும். அது எங்கே மேய்கிறது என்று தெரியாவிட்டால் வேலியே பயிரை மேய்ந்த கதைதான். தீனியை வாய்விட்டுக் கேட்கிற மாடு பந்தலுக்குள் நுழைய வேண்டியதில்லை. ஆகவே ஹசீனா சொன்னதே சரி. தானமாக வந்த கோயில் மாட்டுக்குப் பல் பார்க்க வேண்டாம். இந்த மாட்டுக்குப் பார்த்தே ஆக வேண்டும்.

செவ்வந்தி ஹசீனாவின் செயலி தந்த அந்த ஒரு டம்ளர் பாலை வீணாக்காமல், பதிவுத் துறையின் வாசலுக்கு மட்டும் போய் வந்தாள். திருமணத்துக்குத் தேதி கிடைத்தது. அன்று சாப்பாட்டின்போது மாமா நெற்றியைச் சுருக்கினார்.

“என்னத்தா, ஒம் பக்கம் ஒரே மூட்டமா இருக்கு?”

“மஞ்சுக்கோம்பைல மூட்டம் இல்லாம வெயிலா மாமா அடிக்கும்?” என்று சொல்லி, அவர் இலையில் இன்னும் கொஞ்சம் அவரைக்காய்ப் பொரியல் வைத்தாள்.