சொரிமுத்து கேட்ட வரம்

மரமும் மிருகமும் வாய் திறந்து பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், கள் குடித்தால் முதல் மடக்கிலேயே தலை வலிக்கும். லேசாக இல்லை, விண்விண்ணென்று தெறிக்கும். அதனால் யாரும் ஆசைப்பட்டு இரண்டாம் மடக்குக்குப் போனதில்லை. மறுநாள் காலையில் எல்லாரும் துள்ளி எழுந்து வேலையைப் பார்த்தார்கள். நம்பாவிட்டால் போங்கள், எனக்கென்ன!

அப்போது பனங்காட்டில் சொரிமுத்து என்றொரு மரநாய் இருந்தார். அவருடைய ஒரே மகள் பேராச்சிக்குக் கல்யாணம் கூடி வந்திருந்தது. மாப்பிள்ளை தங்கமான பையன். பேராச்சிக்கு அவன் மேல் உயிர். ஆனால் சொரிமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. காரணம், மரநாய்களுக்குள் இருந்த ஒரு வழக்கம். கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் சம்பந்திகள் இருவரும் ஓலைப்பட்டை நிறையக் கள்ளை ஒரே மூச்சில் குடிக்க வேண்டும். பெண்ணைப் பெற்றவர் முகம் சுளித்தால், பெண் கொடுக்க மனசில்லை என்று அர்த்தம். சம்பந்திக்கோ மூக்குக்கு மேலே கோபம் வரும். ஏற்கெனவே ஒரு வீட்டில் இதற்காகவே எழுந்து போனவர்.

"சுளிச்சிட்டா? அய்யோ, சுளிச்சிட்டா என் பிள்ளை கதி என்ன?" என்று புலம்பியபடி குளத்துத் தண்ணீரில் தன் முகத்தையே பார்த்துப் பார்த்துப் பழகினார். நினைத்த மாத்திரத்திலேயே முகம் கோணிக்கொண்டது.

கடைசியில் பனைமரத்தின் உச்சிக்கு ஏறி அழுதார். "ஆத்தா, இந்த வலி விடியற வரைக்கும் வராமப் பாத்துக்கோ!"

"தள்ளிப் போடலாம். இல்லாம ஆக்க என்னால ஆகாது," என்றது பனை. "எல்லாருக்கும் சேத்துதான் மாறும். ஒருதரம் மாத்தினா மாத்தினதுதான். யோசிச்சுக்கோ, அந்த வலி சும்மா வரல."

"யோசிக்க ஏது நேரம்? நீ மாத்து ஆத்தா!"

பனை மாற்றிவிட்டது.

சாயங்காலம் சொரிமுத்து ஒரே மூச்சில் குடித்தார். முகம் சுளிக்கவில்லை. பட்டையைக் கீழே வைத்த சம்பந்தி தலையைத் தடவிப் பார்த்தார்.

"என்னவே, வலிக்கவே இல்லை! இன்னொரு பட்டை ஊத்தும்!"

மாப்பிள்ளை வீட்டார் மொத்தப் பேரும் பட்டையை நீட்டினார்கள். கலயம் கலயமாகக் காலியானது. சம்பந்தி கையைப் பிடித்துப் போதும் என்று சொல்ல முடியுமா? சொரிமுத்து சிரித்துக்கொண்டே ஊற்றினார்.

விடிந்தது. வெயில் பனையின் தலையைத் தொடும் நேரம்தான் முகூர்த்தம். பேராச்சி மாலையோடு நின்றாள். எதிரே ஒருவரும் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் தலையைப் பிடித்துக்கொண்டு மணலில் உருண்டார்கள். குடித்த ஒவ்வொரு மடக்கின் வலியும் ஒன்றாகத் திரண்டு வந்திருந்தது. நாக்கு வறண்டது, வெளிச்சம் கண்ணைக் குத்தியது. மாப்பிள்ளை எழுந்து இரண்டடி வைத்து, வாந்தி எடுத்துவிட்டு உட்கார்ந்தான்.

சொரிமுத்து ஓடாத இடமில்லை. மோர் கொடுத்தார். இஞ்சி தட்டிக் கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. "இன்னும் ஒரு பட்டை போட்டா சரியாயிரும்" என்று சம்பந்தியே சொல்லிக் குடித்தார். கொஞ்சம் சரியான மாதிரி இருந்தது, பிறகு இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. அதற்குள் முகூர்த்தம் போய்விட்டது.

"கள்ளுல என்னவே கலந்தீரு?" என்று கத்திய சம்பந்தி, மகனை இழுத்துக்கொண்டு தள்ளாடித் தள்ளாடிப் போய்விட்டார்.

பேராச்சி மாலையைக் கழற்றி மடித்து வைத்தாள். அப்பாவின் நெற்றியில் கை வைத்து, "அய்யா, உமக்கும் வலிக்கா?" என்று மட்டும் கேட்டாள். சொரிமுத்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

மறுபடி மரமேறினார். "ஆத்தா, இந்த வலி வராம இருக்க மருந்து ஒண்ணு சொல்லு!"

"மருந்து உங்ககிட்டதானே இருந்துச்சு," என்றது பனை. "முதல் மடக்குலயே வலிச்சுதே, அதுதான் மருந்து. அதைத்தானே நீ வேண்டாம்னு சொன்னே."

குடிக்கும்போது சுகமும் விடிந்ததும் வேதனையுமாக ஆனது அந்தக் கல்யாணத்திலிருந்துதான். இன்றைக்கும் கள்ளுக் கலயத்துக்குப் பக்கத்தில் மரநாயைப் பார்த்தால் திருட வந்ததென்று விரட்டுகிறார்கள். பாவம், அது ஒரு மடக்கு குடித்துவிட்டு, இப்போதாவது வலிக்கிறதா என்று காத்திருக்கிறது.