வேர் நுனியில நின்னவ

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாடி, நெல்லுக்கு வேர் எப்படி வருதுன்னு ராஜாவுக்கே தெரியாத காலம் அது. அந்த ராஜா நாட்டுல யாரும் சும்மா நிக்கக் கூடாது, அதான் சட்டம். அதைக் காப்பாத்த கொடுமாயன்னு ஒரு மந்திரவாதியை வேற வச்சிருந்தார்.

அங்க காத்தாயி, வடிவுன்னு அக்கா தங்கச்சி. காத்தாயி நாத்து நடுறதுல புலி. வடிவு நடவே மாட்டா. வரப்புல நின்னு, வரிசை கோணாம இருக்க நடவுக் கயித்தைப் பிடிச்சுக்குவா, அவ்வளவுதான். "நின்னே பொழைக்கிற ஆளு நீ ஒருத்திதாண்டி"ன்னு காத்தாயி தினமும் சீண்டுவா. வடிவு சிரிச்சுக்குவா. கயித்தை மட்டும் விட மாட்டா.

ஒரு நாள் கொடுமாயன் வந்தான். பத்து பேர் குனிஞ்சிருக்காங்க, ஒருத்தி மட்டும் நிமிந்து நிக்கிறா. கோலைத் தரையில தட்டினான். வடிவு நின்ன இடத்துல வேரே இல்லாத ஒத்தை நாத்து கிடந்துச்சு.

"மூணு நாள்ல வேர் விட்டுப் பச்சை பிடிச்சா இது மறுபடி உன் தங்கச்சி. இல்லேன்னா வைக்கோல்."

அவன் தட்டின மந்திரம் மண்ணுக்குள்ளயும் இறங்கிடுச்சு.

காத்தாயி நாத்தைச் சேத்துல ஊனிட்டு அழுதா. ஒரு மண்புழு தலையை நீட்டிச்சு. "உப்புத் தண்ணி ஊத்தாத தாயி, உடம்பு எரியுது. என் வாலைப் பிடி, உள்ள போய்ப் பாப்போம்."

பிடிச்சா. கடுகை விடச் சின்னவளானா, தூசியை விடச் சின்னவளானா, கண்ணுக்கே தெரியாதவளானா.

நாத்துக்குள்ள, வேர் கிளம்ப வேண்டிய இடத்துல, வரிசை வரிசையா குட்டி ஆளுங்க. ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு ஏட்டுக் கட்டு, எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி கட்டு. இலை, பூ, வேர் எல்லாத்துக்கும் வழி அதுலயே இருக்கு. ஆனா எந்த ஏட்டைப் பிரிக்கணும்னு பக்கத்துல இருக்கிறவங்க தோளைத் தட்டித்தான் சொல்லணும். ஒரு தட்டுக்கு 'நீளு', ஒரு தட்டுக்கு 'தோலாகு', ஒரு தட்டுக்கு 'நிறுத்து'. இப்ப எல்லாரும் எல்லாரையும் தட்டி, எல்லா ஏட்டையும் ஒரே நேரத்துல பிரிச்சுக்கிட்டிருந்தாங்க. வேர் வந்த பாடில்லை.

முதல் நாள் காத்தாயி அவங்களை வேகமா செய்யச் சொன்னா. மேல ஒரு இலை மஞ்சளாச்சு.

ரெண்டாம் நாள் அவளே ஒவ்வொருத்தரா போய் ஏட்டைப் பிரிச்சுக் குடுத்தா. ஆயிரம் பேர். கை ஓஞ்சு போச்சு. ரெண்டாவது இலையும் மஞ்சள்.

மூணாம் நாள் முடியாம உக்காந்தா. நடுவுல மூச்சு வாங்கிக்கிட்டிருந்த ஒருத்தியைக் கூப்பிட்டு, முன்னாடி உன் வேலை என்னன்னு கேட்டா.

"ஒண்ணும் செய்ய மாட்டேன்கா. நிப்பேன். என்னைத் தொட்டுக்கிட்டிருக்கிறவங்க இளசாவே இருப்பாங்க. அவங்ககிட்டேயிருந்துதான் புது ஆளுங்க வருவாங்க. அந்த மந்திரம் இறங்கினதுலேருந்து நின்னா கால் சுடுது."

காத்தாயிக்குத் தங்கச்சி நின்ன வரப்பு ஞாபகம் வந்துச்சு. வடிவு கயித்தை விட்டிருந்தா தான் நட்ட ஒரு நாத்தாவது வரிசையில நின்னிருக்குமா?

"நில்லு. உன்கூட நானும் நிக்கிறேன்."

அவ கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. கால் நெருப்பாச் சுட்டுச்சு. மேல கடைசி இலையும் நுனியில வெளுக்க ஆரம்பிச்சுது. ஓடிப் போய் எதையாவது செய்யக் கை துடிச்சுது. நின்னா. பொழுது சாயுற வரைக்கும் நின்னா.

ஒரு தட்டு கேட்டுச்சு. 'நீளு.' அப்புறம் 'தோலாகு.' அப்புறம் 'நிறுத்து.' வரிசை வரிசையா அமைதியாச்சு. வெள்ளையா ஒரு வேர் மண்ணைத் துளைச்சு இறங்குச்சு.

காத்தாயி கண்ணைத் திறந்தப்ப வரப்புல இருந்தா. பக்கத்துல வடிவு, முழங்கால் வரைக்கும் சேறு, கையில கயிறு.

ஓடி வந்த கொடுமாயன் மறுபடி கோலைத் தட்டினான். கோல் வேர் பிடிச்சுக்கிச்சு, அவன் கையும் அதோட ஒட்டிக்கிச்சு. பாக்க வந்த ராஜா கண்ணுக்கு வயல்ல சும்மா நின்னது அவன் ஒருத்தன்தான். சட்டத்தைக் காப்பாத்த வச்ச ஆளே அதை மீறி நிக்கிறதை ராஜா பாத்தார். அப்புறம் சட்டத்தைக் கிழிச்சுப் போட்டார்.

மறுநாள் காத்தாயி வரப்புக்குப் போனா. "இன்னிக்கு நான் கயிறு பிடிக்கட்டுமா?"

"உனக்கு நிக்கத் தெரியாதேக்கா."

"கத்துக்கிட்டேன்டி."

அவங்க நட்டது பச்சை பிடிச்ச மாதிரி நீங்க நடுறதும் பிடிக்கட்டும்.