சுடுகாட்டில் அடித்த தமுக்கு

கடனைக் கட்டாவிட்டால் கடன் கொடுத்தவன் மறுநாளே வந்து வீட்டைப் பிடுங்கிக்கொள்வான் என்று படித்தவர்கள்கூட நம்புகிறார்கள். நாட்டைக் கெடுக்க இதைவிடப் பெரிய பிழை கிடையாது என்பதால், கதைக்கு முன் இதைத் திருத்தியாக வேண்டும். அவனுக்கு அந்த அதிகாரம் இல்லவே இல்லை. அவன் நியாயசபையில் வழக்குப் போட வேண்டும். சபை கடன்பட்டவரைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். பிறகு தீர்ப்பு, தவணை, தமுக்கு, ஏலம். கடைசியில் அரச முத்திரை. அது விழும் நொடிவரை கடனைக் கட்டி வீட்டை மீட்கலாம். இத்தனை படிகளையும் ஒன்றுவிடாமல் ஏறிய பிறகுதான் வீடு போகும்.

முன்னொரு காலத்தில் வெண்குடி நாட்டைச் சண்டமாருதன் என்ற மன்னன் ஆண்டான். அங்கேயும் இதுதான் சட்டம். காலையில் பரிசளித்த யானையை மாலையில் திருப்பிக் கேட்கிறவன் அவன். பழைய சட்டங்களில் மட்டும் கை வைத்ததில்லை, படிக்கச் சோம்பல்.

அந்த ஊரில் சுண்ணாம்புக் காளவாய் வைத்திருந்தவள் ஆவுடையாள். புருஷனின் வைத்தியத்துக்காகக் கருவூலத் தலைவர் மாதேவராயரிடம் வீட்டை அடகு வைத்தாள். புருஷன் பிழைக்கவில்லை. கடன் பிழைத்துக்கொண்டது.

ஒருநாள் அவள் காளவாயிலிருந்து திரும்பியபோது அம்மியும் குதிரும் தெருவில் கிடந்தன. சபைச் சேவகன் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தான்.

"ஐயா, இது என் வீடு!"

"நேத்து வரைக்கும் தாயி. வழக்குக்கு நீ வரலை, தீர்ப்பாயிடுச்சு. ஏலத்துக்கும் வரலை. ராயரோட மச்சான் மட்டும் வந்தாரு, எடுத்துக்கிட்டாரு. முத்திரை ஒண்ணுதான் பாக்கி, ராயருக்கு அவசரம்."

"எனக்கு யாரும் சொல்லலையே!"

"தமுக்கடிச்சுச் சொன்னாங்களே."

"எங்கே?"

சேவகன் பூட்டையே பார்த்தான். "சுடுகாட்டுல."

ஆவுடையாள் காளவாய்ச் சாம்பல் படிந்த சேலையோடு அரசவைக்கு ஓடி மன்னன் காலில் விழுந்தாள். மாதேவராயர் அசரவில்லை.

"சுடுகாடு ஊர் எல்லைக்குள்தானே இருக்கிறது, மன்னா? எல்லாரும் என்றைக்காவது போகிற இடம். இவள் கொஞ்சம் முன்னதாகப் போயிருக்கலாம்."

மன்னன் கிரீடம் நழுவுமளவுக்குச் சிரித்தான். "நல்ல பேச்சு, ராயரே! எல்லைக்குள் அடித்தால் எல்லார் காதிலும் விழுந்ததாகவே அர்த்தம்." முத்திரை விழுந்தது.

அமைச்சர் குழைக்காதர் மெதுவாக எழுந்தார். "இந்த ஆணை எல்லாருக்கும் பொதுவா, மன்னா?"

"எல்லாருக்கும்!"

"அப்படியானால் கல்லில் வெட்டிவிடலாம்."

"வெட்டும்!"

வெளியே ஆவுடையாள் அமைச்சரை மறித்தாள். "நீங்களும் அவங்க கூடத்தானா, சாமி?"

"நான் ஆள் அனுப்பும் அன்றைக்கு ஒரு மரக்கால் சுண்ணாம்போடு சுடுகாட்டுக்கு வா," என்றார் குழைக்காதர். "திட்டுவதை அதுவரை மிச்சம் வைத்துக்கொள்."

மன்னன் போர்க்காலத்தில் தானிய வணிகர்களிடம் தன் வசந்த மண்டபத்தை அடகு வைத்து நெல் வாங்கியிருந்தான். திருப்பிக் கேட்க எந்த வணிகருக்கும் துணிவு வந்ததில்லை. அமைச்சர் அவர்களை வழக்குப் போடச் செய்தார். மன்னனுக்கான அழைப்பைச் சுடுகாட்டில் தமுக்கடித்துச் சொன்னார்கள். மன்னன் வரவில்லை. தீர்ப்பானது. ஏலத்துக்கும் அங்கேயே தமுக்கு. ஏலம் கேட்க வந்தவள், அமைச்சர் ஆளனுப்பிக் கூப்பிட்ட ஆவுடையாள் ஒருத்திதான். ஒரு மரக்கால் சுண்ணாம்புக்கு வசந்த மண்டபம் அவளுடையதானது. முத்திரைக்கு வந்த ஓலையில் மன்னன் வழக்கம்போலப் படிக்காமலே குத்தினான்.

அன்று மாலை ஊஞ்சலாட வந்த மன்னன், ஊஞ்சல் பலகையும் கிளிக்கூண்டும் தெருவில் கிடப்பதைக் கண்டான். அதே சேவகன் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தான்.

"அடேய், இது என் மண்டபம்!"

"நேத்து வரைக்கும், மகாராசா."

"எனக்கு யாரும் சொல்லவில்லையே!"

கூட்டத்தில் நின்ற ஆவுடையாள் எட்டிப் பார்த்தாள். தன் வார்த்தை, மன்னன் வாயில்.

"தமுக்கடித்தார்கள், மன்னா," என்றார் குழைக்காதர்.

"எங்கே?"

"எல்லாரும் போகிற இடத்தில். ராயருக்கு வழி தெரியும்."

மன்னன் வாளை உருவினான், ராயரைப் பார்த்தான், கிளியைப் பார்த்தான், பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். "கல்லைப் பெயர்த்தெறியுங்கள்! இரண்டு ஏலமும் செல்லாது. இனிக் கடன்பட்டவர் வாசலில், அவர் காதில் விழும்படி அடிக்க வேண்டும். இவள் வழக்கு முடியும்வரை அடிக்கப்போவது ராயர்!" அமைச்சருக்குத் தன் முத்துமாலையைப் போட்டான். ராயர் கழுத்தில் தமுக்கு ஏறியது. வணிகர்களுக்கு அன்றைக்கே நெல் திரும்பியது.

"இவள் கடனையும் தள்ளிவிட்டால்..." என்று இழுத்தார் குழைக்காதர்.

"நானே கட்டியிருக்கிறேன், வயிறு எரிகிறது! இவள் மட்டும் ஏன் தப்ப வேண்டும்?"

வழக்கு முதலிலிருந்து, ஒழுங்காக, நடந்தது. ராயர் அவள் வாசலில் நின்று தமுக்கடித்து அழைத்தார். அவள் சபைக்குப் போய்க் கடனை ஒப்புக்கொண்டாள். தவணை கிடைத்தது. அந்த வருஷம் மழை விடவில்லை. நனைந்த காளவாய் பற்றவில்லை. பாதிதான் சேர்ந்தது. மறுபடி தமுக்கு அவள் வாசலில் முழங்கியது. இம்முறை ஊரே கேட்டது, ஊரே ஏலத்துக்கு வந்தது. முன்பு ராயரின் மச்சான் கேட்டதைப்போல மூன்று பங்குக்கு ஒரு வெற்றிலை வியாபாரி வீட்டை எடுத்தார். கடனும் சபைச் செலவும் போக மீதியை அவள் கையில் கொடுத்தார்கள். அவள் காளவாயை ஒட்டி ஒரு கொட்டகை போட்டுக்கொண்டாள்.

பொங்கலுக்கு வெற்றிலை வியாபாரி வீட்டுக்கு வெள்ளையடித்தார். சுண்ணாம்பு ஆவுடையாளிடம் வாங்கினார்.