வெள்ளை கவுனில் ரெண்டு பாக்கெட்

நாகர்கோவில் தையல் கடை ஒன்றில் பொத்தானுக்குக் காஜா எடுக்கிற பியூலா, கல்யாணப் பொண்ணு ஷைனி ஆசையாகக் கேட்டாளே என்று அவளுடைய வெள்ளை சாட்டின் கவுனில் ரெண்டு பாக்கெட் வைத்துவிட்டாள். வந்தது வினை.

மாப்பிள்ளையின் அம்மா கிரேஸம்மா, ரிட்டையரான ஹெட்மிஸ்ட்ரஸ். மகனோடு கடைக்கு வந்தவர், கவுனைப் பார்த்ததும் பொரிந்து தள்ளினார். "கல்யாணப் பொண்ணுக்கு பாக்கெட் எதுக்குட்டி? என்னத்த ஒளிக்கப் போறா? இப்பவே பிரிச்சு எடு. ஊசி போன தடம் தெரிஞ்சுதோ, உனக்கு இங்க வேலை கிடையாது!"

சாட்டினில் ஊசி போட்ட ஓட்டை என்ன செய்தாலும் மறையாது. முதலாளிக்கும் அது தெரியும். ஆனாலும் மேடம் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார் அந்தப் பெரிய மனுஷன்.

"சரி மேடம். ஆனா தடமில்லாம பிரிச்சு எனக்குப் பழக்கமில்ல. மாப்பிள்ளை கோட்டுல ஏழு பாக்கெட் இருக்கு. முதல்ல அதுல பழகிக்கிடுதேன்," என்று கத்தரிக்கோலோடு கிளம்பினாள் பியூலா.

கோட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளை ரெண்டு கையாலும் மார்பைப் பொத்திக்கொண்டான். "ஏய், தொடாத! போன், சாவியெல்லாம் நான் எங்க வைப்பேன்?"

"அதுக்குத்தானா அண்ணே ஏழு? மேடம் சொன்னதக் கேட்டு, நீங்க என்னத்தயோ ஒளிக்கீங்கன்னுல்லா நெனச்சேன்."

கடையே சிரித்தது. கிரேஸம்மா கவுனைப் பாக்கெட்டோடு மடித்து எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினார்.