பின்பக்கமாக ஏறிய கார்

காரைப் பார்த்துக் குதிரைகளே சிரித்த காலம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில், பிக்கெட் என்பவர் ஒரு கொட்டகையில் கார் செய்து விற்கப் பார்த்தார். பெட்ரோல் டேங்க்கை சீட்டுக்கு அடியில் வைத்தது அவருடைய சொந்த மூளை. பம்பு கிடையாது. பெட்ரோல் தானாக வழிந்து முன்னால் இருக்கும் இன்ஜினுக்குப் போகவேண்டும். மேடு வந்தால் வண்டி மூக்கைத் தூக்கும், பெட்ரோல் போகாது, நின்றுவிடும்.

"டேங்க்கை இடம் மாத்தணும் முதலாளி" என்றாள் ஹில்டா. சீட் தைப்பவள், தைத்ததைச் சோதிக்கத் தினமும் வண்டி ஓட்டுபவள்.

"ஊசி பிடிக்கிறவ எனக்குப் பாடம் எடுக்கிறியா? நாளைக்கு வியாபாரி வர்றாரு. வண்டியில ஒரு ஆணியைக்கூட மாத்தாம நீயே சர்ச் மேட்டுல ஏத்திக் காட்டு. இல்லன்னா உனக்கு வேலை இல்ல."

மறுநாள் ஊரே மேட்டடியில் கூடியது. பிக்கெட் பட்டுத்தொப்பியோடு ஹில்டா பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் வண்டியை நிதானமாகத் திருப்பி, ரிவர்ஸ் கியர் போட்டாள். இப்போது டேங்க் மேலே, இன்ஜின் கீழே. முதலாளி ஊருக்கு முகம் காட்டியபடியே உச்சிவரை பின்னால் போனார்.

"என்ன கூத்து இது?" என்று பல்லைக் கடித்தார்.

"டேங்க் நீங்க வெச்ச இடத்துலயே இருக்கு முதலாளி. நாமதான் திரும்பிக்கிட்டோம்."

மூச்சிரைக்க ஏறிவந்த வியாபாரி காதில் அது விழுந்தது. "டேங்க்கை மாத்திக் குடுங்க. பத்து வண்டி எடுத்துக்கறேன்."

"அதைத்தான் நானும் இவகிட்ட சொல்லிட்டிருந்தேன்" என்றார் பிக்கெட்.

"அப்ப நாளைக்கு வேலைக்கு வரலாம்ல?" என்றாள் ஹில்டா.

தொப்பியைச் சரிசெய்வதுபோலத் தலையாட்டினார்.

அன்றைக்கு அவர் முன்பக்கமாகப் போனது, இறங்கும்போது மட்டும்தான்.