வடக்கு பார்த்த மீன்

எங்கள் அபார்ட்மென்ட் லாபியில் இருக்கும் மீன்தொட்டியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பார்சல் வைக்க ஓர் அலமாரி போடலாமா என்பதுதான் அன்றைய சங்கக் கூட்டத்தில் ஒரே விஷயம். ஐந்து நிமிட வேலை. ஆனால் தொட்டி குற்றாலநாதன் அண்ணாச்சியுடையது.

அண்ணாச்சி மலேசியாவில், சரவாக்கில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்துவிட்டுத் திரும்பியவர். "ஒண்ணு தொட்டி இருக்கணும், இல்ல டைனிங் டேபிள் இருக்கணும்" என்று மருமகள் சொன்னதால் தொட்டி லாபிக்கு இறங்கியது. இங்கிருந்தும் கிளம்பினால் அதற்குத் தெருதான்.

பார்க்கவும் அது லட்சணமாக இல்லை. உள்ளே வளர்த்த நீர்ச்செடிகளில் பழைய இலைகள் பச்சையாகத்தான் இருந்தன. புதிதாக விட்ட தளிரெல்லாம் மஞ்சளாக வெளுத்துக் கிடந்தது.

"செடிக்கே மஞ்சக்காமாலை" என்றார் மூன்றாவது மாடி ரஹ்மத்துல்லா பாய்.

"காமாலை இல்ல பாய், ரத்தசோகை. இரும்புச்சத்து பத்தல. போர் தண்ணி உப்புன்னு ஆர்ஓ தண்ணி ஊத்துதேன். அதுல ஒண்ணுமே கிடையாது. அதைக் குடிக்கிற நமக்காவது சாம்பார் இருக்கு. செடிக்கு என்ன இருக்கு?"

பொருளாளர் ஜெசிந்தா மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணாச்சி அதைக் கவனித்துவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அவர் நாற்காலியை இழுத்தால் சரவாக் வரப்போகிறது என்று அர்த்தம்.

"சரவாக்ல மழைத்தண்ணிதான். அப்படி ஒரு மிருதுவான தண்ணி. போன புதுசுல தெரியாம முழுச் சோப்பையும் தேய்ச்சுட்டேன். நுரை அடங்க ரெண்டு நாளாச்சு. ஈரத் துண்டோட நின்னுதான் சம்பளம் வாங்கினேன். அந்தத் தண்ணில செடி வெச்சேன். இதே மாதிரி வெளுத்துது. சும்மா ஆணியைப் போட்டா ஆகாது பாருங்க, துருவாகி அடியில உக்காந்துக்கும், செடி வாய்க்குப் போகாது. அதுக்குன்னு ஒரு மருந்து இருக்கு. இரும்பைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் செடி வாசல்ல விடும். அதுல ஒரே ஒரு சொட்டு விட்டேன். காலையில எந்திரிச்சுப் பாத்தா தொட்டி மூடி கூரையில இருக்கு. செடி தூக்கிட்டுப் போயிருக்கு."

"ஒரு சொட்டுக்கா?"

"சின்னச் சொட்டு, பாய். ரெண்டாவது சொட்டுல இலையெல்லாம் செவந்து கனத்துப் போச்சு. தட்டினா டங்குங்குது. வீட்டுக்காரி ஒரு இலையைக் கிள்ளி அடுப்புல வெச்சு தோசை வார்த்தா. இன்னைக்கு வரைக்கும் அப்படி ஒரு முறுகல் நான் சாப்பிட்டதில்ல."

யாரோ சிரித்தார்கள். ஜெசிந்தா மேடம் சிரிக்கவில்லை.

"மூணாவது சொட்டு நான் விட்டிருக்கக் கூடாது. அந்த இலையைத் தின்ன மீனுக்கெல்லாம் உடம்பு பூரா இரும்பு. அத்தனையும் வடக்கு பார்த்து நின்னுடுச்சு. தொட்டியைத் திருப்பினாலும் மீன் திரும்பல. கடலுக்குப் போறவங்க திசை காட்டுறதுக்கு ஒண்ணைப் பாட்டில்ல போட்டு இரவல் வாங்கிட்டுப் போவாங்க."

"தண்ணியிலயே கிடந்த இரும்புக்குத் துரு பிடிக்கலையா, அண்ணாச்சி?"

"பிடிச்சுது. துரு பிடிச்சதைத்தான் நீங்க கடையில தங்கமீன்னு காசு குடுத்து வாங்குதீங்க."

பாய் வாயைத் திறந்தார், மூடினார். தொட்டிக்குள்ளும் ஒன்று அதையே செய்துகொண்டிருந்தது.

"ஊருக்குக் கிளம்புற அன்னிக்கு அந்த இலையில துவையல் அரைச்சுச் சாப்பிட்டுட்டு ஏர்போர்ட்டுக்குப் போனேன். மெஷின் கத்துது. பெல்ட்டைக் கழட்டுன்னான். கத்துது. வாட்ச், மோதிரம், பல்செட்டு. கத்துது. கடைசியில பெட்டியோட சேத்து என்னையும் சரக்குல ஏத்தி விட்டாங்க. எடை கூடுதல்னு அபராதம் வேற."

ஜெசிந்தா மேடம் எழுந்தார். பலகையில் கூட்ட நோட்டீஸைப் பிடித்திருந்த காந்தத்தை எடுத்தார். நோட்டீஸ் விழுந்தது. காந்தத்தைத் தொட்டிக் கண்ணாடியில் வைத்துக் கையை எடுத்தார். அதுவும் விழுந்தது. டைல்ஸில் அது உருண்டு நின்ற சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"பாத்தீங்களா!" என்று துள்ளி எழுந்தார் அண்ணாச்சி. "ஒட்டல! பொட்டு இரும்பு கிடையாது! இதைத்தானே இவ்வளவு நேரமாத் தொண்டை வத்தக் கத்திட்டிருக்கேன்!"

மேடம் குனிந்து காந்தத்தை எடுத்தார். "சரி சார், இரும்பு போடுங்க. அடுத்த கூட்டத்துல இதே காந்தத்தை வைப்பேன். ஒட்டினா தொட்டி. இல்லேன்னா அலமாரி."

அண்ணாச்சியின் முகம் அப்போதுதான் சரவாக்கிலிருந்து திரும்பி வந்தது.

அதற்கப்புறம் வாக்கிங் போகும்போதெல்லாம் அவரைத் தொட்டியடியில் பார்ப்பேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வாயால் டன் கணக்கில் போட்டவர் கையால் சொட்டுக் கணக்கில்தான் போட்டார். "கூடிட்டா பாசி ஏறிடும், குட்டி இறால் செத்துடும். கொஞ்சமாப் போடணும், விடாமப் போடணும்" என்றார் என்னிடம், குரலைத் தாழ்த்தி, வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்பதுபோல.

அடுத்த கூட்டத்துக்குள் தளிர்கள் பச்சை பிடித்துவிட்டன. ஒன்றிரண்டு நுனியில் சிவப்புக்கூட. ஆனால் பந்தயம் பச்சைக்கு இல்லையே, காந்தத்துக்குத்தானே?

"இங்க வைங்க மேடம், கீழ, மணலை ஒட்டி. இங்கதான் செடி அடர்த்தி" என்றார் அண்ணாச்சி.

மேடம் வைத்தார். டக். ஒட்டிக்கொண்டது.

பாய் எழுந்தேவிட்டார். நான் கைதட்டினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

"சொன்னேன்ல" என்றார் அண்ணாச்சி, கூரையைப் பார்த்து.

மேடம் காந்தத்தை மெல்லப் பக்கவாட்டில் நகர்த்தினார். செடிகளுக்குள்ளிருந்து கறுப்பாக ஒன்று கூடவே நகர்ந்து வெளியே வந்தது. கண்ணாடியின் உள்பக்கப் பாசியைத் துடைக்க விற்கிறார்களே, அந்தக் காந்தக் கட்டை. மேடம் இடது பக்கம் போனால் அதுவும் போனது. வலது பக்கம் வந்தால் அதுவும் வந்தது.

"அது வந்து மேடம்," என்றார் அண்ணாச்சி, "அந்த வடக்கு பார்த்த மீனோட பேரன்."

மேடம் பச்சைத் தளிர்களைக் குனிந்து ஒருமுறை பார்த்தார். காந்தத்தைப் பிய்த்து எடுத்தார். உள்ளே கட்டை மணலில் சாய்ந்தது.

"அலமாரியை மாடிப்படிக்கு அடியில போட்டுக்கலாம்" என்றார் எங்களிடம். பிறகு அண்ணாச்சி பக்கம் திரும்பினார்.

"பேரனைச் சும்மா உக்கார வைக்காதீங்க சார். கண்ணாடி பூரா பாசி."