பிரேக் பஸ்ஸில் வருகிறது

கொட்டாரக்குப்பத்தில் அய்யாக்கண்ணு, கொளஞ்சி, பாவாடை என்று மூன்று பேர். மூவரும் சேர்ந்து கத்தரி போட்டார்கள், சேர்ந்தே ஒரு மொபெட்டும் வாங்கினார்கள். பின்னால் சண்டை வரக்கூடாது என்று அன்றைக்கே வேலையைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். ஹேண்டில்பாரைப் பிடித்து முறுக்குவது அய்யாக்கண்ணு. முன்னால் குந்திக்கொண்டு பிரேக் பிடிப்பது கொளஞ்சி. பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்ப்பது பாவாடை. ஒருவர் வேலையில் இன்னொருவர் கை வைப்பதில்லை. இவ்வளவு யோக்கியமான ஏற்பாட்டை நான் வேறெங்கும் கண்டதில்லை.

போலீஸுக்கு அது புரியவில்லை. ஒரே வண்டியில் மூன்று பேர் போனதாகக் கேஸ் எழுதி, மொபெட்டை ஸ்டேஷனில் நிறுத்திக்கொண்டார்கள். பறித்த கத்தரிக்காய் மூட்டையோ கொளஞ்சி வீட்டில் கிடந்தது. சாயங்காலச் சந்தையை விட்டால் அதை மாட்டுக்குத்தான் போடவேண்டும். மூவரும் பதறிக்கொண்டு கோர்ட்டுக்கு ஓடினார்கள்.

"வண்டியை ஓட்டினது யாரு?" என்று கேட்டார் மாஜிஸ்திரேட்.

மூவரும் ஒதுங்கி நின்று ஆலோசித்தார்கள்.

"முறுக்குனது நீதான," என்றான் கொளஞ்சி.

"போலீஸ்காரரு முன்னாடி நிறுத்துனது நீ. நிறுத்தாம இருந்தா கேஸே இல்ல," என்றான் அய்யாக்கண்ணு.

"நான் பின்னாடிதான் பாத்தேன். முன்னாடி நடந்ததுக்கு நான் பொறுப்பில்ல," என்றான் பாவாடை.

மாஜிஸ்திரேட்டுக்கு அன்று நிறைய கேஸ். "அபராதத்தைக் கட்டுங்க. இனிமே அந்த வண்டியில ரெண்டு பேருக்கு மேல ஏறக்கூடாது," என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கட்டியது யார் என்று நாளைக்குத் தகராறு வரக்கூடாதல்லவா, கவுண்ட்டரில் மூவரும் ஆளுக்கொரு மூலையாக நோட்டைப் பிடித்து நீட்டினார்கள். ரசீதைக் காட்டியதும் மொபெட் கைக்கு வந்தது. இனி யார் ஏறுவது என்பதுதான் கேள்வி.

"முறுக்காம வண்டி நகராது," என்றான் அய்யாக்கண்ணு.

"பின்னாடி பாக்காமப் போனா லாரிக்காரன் ஏத்திடுவான்," என்றான் பாவாடை.

கொளஞ்சி வெகுநேரம் யோசித்தான். "பிரேக்கு ஊருக்குப் போனப்புறம்தான வேணும்? அதுக்குள்ள நான் பஸ்ஸுல வந்துடுறேன்."

அவன் மூளையை நினைத்து மற்ற இருவருக்கும் பெருமை தாங்கவில்லை.

ஆனால் மொபெட் முந்திக்கொண்டது, பஸ் பிந்திவிட்டது. நிறுத்த ஆளில்லாமல் இருவரும் மாரியம்மன் கோயிலைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். கொளஞ்சியின் மனைவி அஞ்சலை ஓடி வந்தாள்.

"கையில இருக்கிற பிரேக்கத்தான் புடிங்களேன்."

"அது ஒம் புருஷன் பங்கு, தங்கச்சி," என்றபடி அய்யாக்கண்ணு கோயிலுக்குப் பின்னால் மறைந்தான். மறுசுற்றில் வந்து மீதியைச் சொன்னான்: "அடுத்தவன் பங்குல நாங்க கை வைக்க மாட்டோம்."

அஞ்சலை தலையில் அடித்துக்கொண்டு மூட்டையைத் தூக்கிவந்தாள். கொளஞ்சி இறங்கிய அதே பஸ்ஸில் ஏறிச் சந்தைக்குப் போய்விட்டாள்.

கொளஞ்சி மொபெட்டைப் பார்த்து ஓடினான். பின்னால் பார்க்கும் பாவாடை அவனைக் கண்டுவிட்டான்.

"ஏறாத கொளஞ்சி, மூணாவது ஆளு நீ. கோர்ட்டு உத்தரவு."

கொளஞ்சி ஏறவில்லை, பின்னாலேயே ஓடினான். கடைசியில் பெட்ரோல் தீர்ந்து மொபெட் கோயில் வாசலில் நின்றது. இருவரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். கொளஞ்சி மூச்சு வாங்க வந்து, தரையில் நின்றபடியே பிரேக்கை இறுக்கிப் பிடித்தான்.

"ம், இப்ப எறங்குங்க."

இருவரும் இறங்கினார்கள். அய்யாக்கண்ணு கண்கலங்கி அவன் தோளைப் பிடித்துக்கொண்டான். "நல்ல நேரத்துல வந்த. இல்லன்னா ராத்திரி பூரா இதுமேலயே உக்காந்திருப்போம்."